பச்சைக் கதவுக் கடையின் தண்ணீர்

எல்லோரும் ஓட்டலை முன்வாசல் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். தம்பி பின்வாசல் பார்த்துத் தேர்ந்தெடுப்பான். அவன் வேலை அப்படி. மாநகரத் தண்ணீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக மீட்டர் படிக்கிறான். மீட்டர்கள் இருப்பது கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில். விளக்கும் கண்ணாடியும் பளபளக்கிற பக்கத்தை அவன் பார்த்தது குறைவு. குப்பைத்தொட்டிக்கு மூடி இருக்கிறதா, துடைக்கிற துணி எங்கே காய்கிறது, எலி எந்த ஓட்டையில் குடியிருக்கிறது, இவை எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"சமைக்கிறவங்க மத்தியானம் என்ன சாப்பிடுறாங்கன்னு பாரு அக்கா. தான் சமைச்சதை விட்டுட்டுப் பக்கத்துக் கடையில பொட்டலம் வாங்கித் தின்னா, அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே."

இதையெல்லாம் தாண்டி அவனிடம் ஒரு அளவுகோல் இருந்தது. தண்ணீர். எத்தனை மேஜை, எவ்வளவு கூட்டம் என்று பார்ப்பான். பிறகு மீட்டரைப் பார்ப்பான். கூட்டம் நிறைய, தண்ணீர் கொஞ்சம் என்றால் அங்கே தட்டு சரியாகக் கழுவப்படவில்லை. மீட்டர் எண்ணிக்கையை வெளியில் ஒருவரிடமும் சொல்ல மாட்டான். அது அலுவலக விஷயம். கடையின் பெயரை மட்டும் அக்காவிடம் சொல்வான். அக்கா எழுதிக்கொள்வாள்.

அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பெரிய மருத்துவமனையின் தையல் கூடத்தில் சீருடை தைக்கிறாள். காலரின் இரண்டு முனையும் ஒரு நூல் பிசகாமல் இருக்க வேண்டும் அவளுக்கு. எழுத்தும் அப்படித்தான், அச்சடித்த மாதிரி. நீளமான நோட்டில் கோடு போட்டு, கடையின் பெயர், தெரு, எது நன்றாக இருக்கும், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, கடைசியில் 'குறிப்பு' என்று ஐந்து கட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் தம்பியும் சேர்ந்து வெளியில் சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் தம்பி சொல்லச் சொல்ல நோட்டு நிறையும். அவன் அடிக்கிற நக்கலைக்கூட விடாமல் 'குறிப்பு' கட்டத்தில் எழுதிவிடுவாள்.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர், பசி தாங்காத மனிதர். "மாப்ள, நீ ஒரு கடைக்குள்ள நுழையறதுக்குள்ள எனக்குப் பசி வந்து, போய், திரும்பவும் வந்திடுது. நாங்கல்லாம் வாயால சாப்பிடுறோம். நீ மூளையால சாப்பிடுறே."

"வயிறு கெட்டா படுக்கப்போறது நீங்கதான் மாமா."

"அதுக்குத்தான் உங்க அக்கா ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறாளே!"

கிண்டல் ஒரு பக்கம் இருந்தாலும், நோட்டைப் பார்த்துப் பட்டியல் ஒன்று எழுதிப் பேருந்துப் பணிமனையில் ஒட்டியவர் அவர்தான். அதற்கு முன்பே அக்கா தையல் கூடத்துச் சாப்பாட்டு அறையில் ஒட்டியிருந்தாள். முப்பத்திரண்டு பெண்கள் வேலை செய்கிற இடம். சம்பளம் வந்த வாரம் நான்கைந்து பேராகக் கிளம்புவார்கள். "மீட்டர் தம்பி லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்காமல் எந்தக் கடையிலும் கால் வைப்பதில்லை. அங்கிருந்து பட்டியல் மருந்தகத்துக்குப் போனது, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடம் போனது. யாராவது, "உங்க தம்பி சொன்ன கடை, அடடா!" என்றால் அக்காவுக்கு அன்று முழுக்கத் தையல் எந்திரம் தானாக ஓடும்.

பட்டியலில் ஆறு வருடமாக முதலிடம் பச்சைக் கதவுக்கு. பெயர்ப்பலகை எழுத்து அழிந்துபோன சின்னக் கடை. கதவின் நிறத்தை வைத்துத்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஏழு மேஜை. மனைவி சமைப்பார், கணவர் பரிமாறுவார். சூடான சோறு, வறுத்த மீன், மிளகு தூக்கலாக ஒரு சூப். தம்பிக்கு வாரத்தில் மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். கல்யாணம் செய்துகொள்ளாத அவனுக்கு, தட்டை வைக்கும்போது முகத்தைப் பார்த்து, "என்ன, இன்னிக்கு வெயில் ரொம்பவா?" என்று கேட்க அங்கே ஒரு ஆள் இருந்தார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"பச்சைக் கதவை அடிச்சிடு அக்கா."

"என்னடா சொல்றே? அந்தம்மா என்ன பண்ணாங்க?"

"ரெண்டு மாசமா பார்க்கிறேன். தண்ணி பாதிக்கும் கீழே போயிடுச்சு. கூட்டம் அதே கூட்டம். அப்புறம் தட்டை எதுல கழுவுறாங்க?"

"கேட்டியா?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்களா? மீட்டர் பொய் சொல்லாது."

அக்கா மேலே கேட்கவில்லை. தம்பி சொன்னால் சரியாக இருக்கும். சிவப்பு மையை எடுத்து, ஸ்கேல் வைத்து, ஒரே கோடு. மறுநாள் தையல் கூடத்துப் பட்டியலிலும் அதே கோடு. ஒரு வாரத்தில் பணிமனையிலும்.

எட்டு மாதம் ஓடியது.

ஒரு நாள், பொத்தான் வாங்க வேறு பகுதிக்குப் போன அக்காவுக்கு, பச்சைக் கதவு இருக்கிற தெருவில் இறங்க வேண்டியதாயிற்று. மத்தியானம் ஒரு மணி. ஆறு மேஜை காலி. சமையல்காரம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தாள். முடியவில்லை.

"மீட்டர் தம்பியோட அக்காதானே நீங்க? தம்பி நல்லா இருக்காரா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கான்மா."

"ஆளையே காணோம். சந்துல வந்து மீட்டர் பார்த்துட்டு அப்படியே போயிடுறாராம். வேலை ஜாஸ்தி போல. நீங்க உட்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்."

மறுத்தால் கேட்கவா போகிறார்? அக்கா உட்கார்ந்தாள். சாப்பாடு வழக்கம்போல் இல்லை. எதிலும் காரமில்லை, உப்பில்லை. ஆனால் கை கழுவப் போனபோது அவள் பார்த்தது வேறு. தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் குழாயடியில் மூன்று முறை அலசப்பட்டன. குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாத்திரத்தின் அடியில் முகம் தெரிந்தது.

"இந்த மாசத்தோட கடையை விட்டுடலாம்னு இவர் சொல்றாரு," என்றார் சமையல்காரம்மா, பேச்சோடு பேச்சாக. "ஒரே நேரத்துல எல்லாரும் நின்னுபோனா என்ன அர்த்தம்? என் கைதான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

அக்காவுக்குத் தன் சிவப்புக் கோடு கண்முன் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை விரித்தாள். இவ்வளவு தண்ணீர் கொட்டுகிற இடத்தில் மீட்டர் எப்படிப் பாதியாகும்? கோடு போட்ட நாளின் பக்கத்தை எடுத்து வரி வரியாக விரலை வைத்துப் படித்தாள். பச்சைக் கதவுக்கு மூன்று வரி தள்ளி, அன்று தம்பி சொன்ன நக்கல் ஒன்று அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'பச்சைக் கதவை ஒட்டிய சலூனில் ரெண்டு மாசமாகத் தண்ணீர் மூன்று மடங்கு. முடி வெட்டுகிறாரா, யானை குளிப்பாட்டுகிறாரா?' அதற்கு முந்தைய பக்கத்தில் இன்னொரு குறிப்பு: 'அந்தச் சந்தில் புதுக் குழாய் போட்டாயிற்று. மீட்டர் எல்லாம் கழற்றி மாட்டினார்கள். கால் வைக்க இடமில்லை.'

ஒரு கடையில் குறைந்த அதே மாதம், பக்கத்துக் கடையில் கூடியிருக்கிறது. இரண்டு சட்டைகளின் காலரை இடம் மாற்றித் தைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் தம்பி வந்ததும் கடையில் நடந்ததைச் சொல்லி, நோட்டை அவன் முன் வைத்தாள். அவன் படித்தான். காது சிவந்தது.

"நம்பரைப் பார்த்துதான் அக்கா படிக்கிறேன். பத்தொன்பது வருஷம். ஒரு எண் தப்பினதில்லை."

"நம்பர் சரிடா. அந்தக் குழாய் எந்தக் கடைக்குப் போகுதுன்னு பார்த்தியா?"

தம்பி நோட்டை மூடினான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். தம்பி அவளுக்கு முன்பே அங்கே நின்றிருந்தான், கையில் வால்வுச் சாவியோடு. பச்சைக் கதவின் எண் பொறித்த மீட்டருக்கு அடியில் இருந்த வால்வை இறுக்கி மூடினான். இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பச்சைக் கதவின் சமையலறையில் குழாய் எப்போதும்போல் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிடம் சலூனின் பின்கதவு படாரென்று திறந்தது. சலூன்காரர், இரண்டு கையிலும் நுரை. அவருக்குப் பின்னால், தலை முழுக்க நுரையோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளர்.

"யாருய்யா தண்ணியை நிறுத்தினது? இங்க மனுஷன் கண்ணு எரியுது!"

"ரெண்டு நிமிஷம் அண்ணே," என்றான் தம்பி.

"நீங்களா? நல்லா இருக்கு! எனக்கு ஏன் இவ்வளவு தண்ணி ஆகுதுன்னு கேட்டதுக்கு, குழாய் ஒழுகுது மாத்துங்கன்னு சொன்னீங்க. இருந்த குழாயை எல்லாம் மாத்திட்டேன். இனிமே மாத்தறதுக்கு என் தலைதான் பாக்கி."

"குழாய் இல்லண்ணே. தப்பு எங்க பக்கம். ரெண்டு கடை மீட்டரையும் மாத்தி மாட்டியிருக்காங்க. இன்னிக்கே எழுதிக் கொடுத்துச் சரி பண்றேன்."

"முதல்ல என் கண்ணைச் சரி பண்ணுய்யா!" என்றார் நுரைத்தலைக்காரர்.

வால்வைத் திறந்துவிட்டுத் தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான். அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது சுலபம். மீட்டரைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. மற்றது?

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "பட்டியலைப் புதுசா எழுதிடுறேன். பச்சைக் கதவைச் சத்தமில்லாம சேர்த்துடுவோம். ஏன் எடுத்தீங்க, ஏன் சேர்த்தீங்கன்னு யாரு கேட்கப்போறா? உன் பேரு கெடக்கூடாது."

"அந்தம்மா என் பேரைக் கெடுக்கவே இல்லையே அக்கா. உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னுதானே கேட்டாங்க?"

அக்கா தலை கவிழ்ந்தாள்.

சமையலறைப் பின்கதவு வழியாகவே இருவரும் உள்ளே போனார்கள். சமையல்காரம்மா தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தட்டை எடுத்தார். அவன், "தட்டு அப்புறம்மா," என்றான். நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னான். மீட்டர், பட்டியல், சிவப்புக் கோடு. "கோடு போட்டது நான்தான்," என்று அக்கா இடையில் சொன்னாள். "நான் சொல்லித்தான் போட்டா," என்றான் அவன்.

சமையல்காரம்மா தட்டைத் துணியால் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"எட்டு மாசமா என் நாக்குல கோளாறுன்னு நினைச்சேன்," என்றார். "உப்பைக் குறைச்சேன். அப்புறம் மிளகைக் குறைச்சேன். எண்ணெயை மாத்தினேன், மீன்காரரை மாத்தினேன். இவரு ருசி பார்த்து நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா, எனக்காகச் சொல்றாருன்னு இவர்கிட்ட சண்டை போட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா தம்பி? மாசா மாசம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தானே நின்னீங்க?"

தம்பி அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான். பரிமாறுகிற கணவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குன்னப்பவும் நம்பல. அப்புறம் உப்பு குறைவு உப்பு குறைவுன்னு கத்தினேன், அதையும் நம்பல!" என்றார். சமையல்காரம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று அவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. "இன்னிக்கு என்னால முடியாது. போயிட்டு அப்புறம் வாங்க," என்றார் சமையல்காரம்மா. அது நியாயம்தான் என்று இருவருக்கும் பட்டது.

மத்தியானம் அக்கா தையல் கூடத்தில் பட்டியலைக் கழற்றிப் புதிதாக எழுதினாள். முதல் வரியில் பச்சைக் கதவு. அதன் கீழே: 'போன வருடம் இந்தக் கடையின் பெயரை அடித்தது எங்கள் தவறு. மீட்டர் மாறியிருந்தது. கடையில் ஒரு குறையும் இல்லை. கேட்காமல் முடிவு செய்தோம்.' அத்தனை வருடத்தில் அவள் பட்டியலில் திருத்தம் என்று ஒன்று இருந்ததில்லை. எழுதிவிட்டுத் திரும்பினால் பின்னால் பத்துப் பேர்.

"அப்போ உங்க தம்பியும் தப்புப் பண்ணுவாரா?" என்றாள் பொத்தான் தைக்கிறவள்.

"பண்ணுவான்," என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத்தான் தெரியும். "பண்ணினா போய்ச் சொல்லவும் செய்வான்."

பணிமனையில் வீட்டுக்காரர் தன் பங்குக்கு வாயாலேயே பட்டியலைத் திருத்தினார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் பச்சைக் கதவுக்குப் போனார்கள். இந்த முறை முன்வாசல் வழியாக. கூட்டம் ஒன்றும் அலைமோதவில்லை. பொத்தான் தைக்கிறவளும் அவள் அம்மாவும் ஒரு மேஜை, இரண்டு ஓட்டுநர்கள் ஒரு மேஜை, சலூன்காரர் ஒரு மேஜை. ஏழில் நான்கு நிறைந்தது. அடுத்த மாதத்துக்கும் கடை இருக்கும் என்று பரிமாறுகிறவர் மேஜையைத் துடைத்தபடி சொன்னார்.

சமையல்காரம்மா சூப்பைத் தானே கொண்டுவந்து தம்பியின் முன் வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி ஒரு கரண்டி குடித்தான். அக்கா மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். நல்லா இருக்குன்னு சொல்லித் தொலையேன் என்று அர்த்தம். அவன் இன்னொரு கரண்டி குடித்தான்.

"உப்பு குறைவும்மா," என்றான். "மிளகும் பத்தல."

சமையல்காரம்மா நீளமாக மூச்சை விட்டார்.

"அப்பாடா," என்றார். "கொடுங்க, சரியா போட்டு எடுத்துட்டு வரேன்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். குழாய் கொட்டுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் காலிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு அந்த உப்பில்லாததே போதுமே மாப்ள, பசிக்குது," என்றார்.

அக்கா நோட்டைத் திறந்து 'குறிப்பு' கட்டத்தில் எழுதினாள்: 'கேட்டோம். உப்பு குறைவு. சொன்னோம்.'