மழைக்காலக் காரும் மக்கல் வாடையும்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்க்கக் கண் வேண்டும், ஹாரன் அடிக்கக் கை வேண்டும். மூக்கு மட்டும் இல்லாமலிருந்தால் ரொம்ப நல்லது. அடைமழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூடிய காரில் மூச்சை அடக்கிக்கொண்டு போய் வந்த அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும்.

யுத்தத்துக்கு முன்னால், சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவரின் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆவணியில் பிடித்த மழை விடவில்லை. வண்டிக்குள் ஒரு மக்கல் வாடை குடியேறிவிட்டது. "தீபாவளிக்குள்ள நாத்தம் போனா வண்டிய வெச்சுக்கறேன், போகலேன்னா வித்துடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். விற்றால் நான் மறுபடி அப்பாவோடு தறியில் உட்கார வேண்டியதுதான். எனக்கோ ரோட்டின்மேல் பித்து. புளியமரங்கள் நழுவிப் போக, மலை கூடவே வர, ஓட்டிக்கொண்டே கனவு காண்கிற சுகம் தறியில் ஏது?

சாம்பிராணி

முதலில் சாம்பிராணி போட்டேன். தூபக்காலை உள்ளே வைத்து நாலு கதவையும் அடைத்தேன். திறந்தபோது புகை மெல்லச் சுருண்டு வந்தது. கோயில் வாசலில் நிற்கிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஆனால் வாடை போகவில்லை, சாம்பிராணியோடு சிநேகமாகிவிட்டது. அன்று ஏறிய ஜவுளிக்கடைக்காரர் இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏம்பா, பொணத்தை எப்ப எடுத்தாங்க?"

மஞ்சள்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் போடுகிற விவசாயி ஒருவர் சவாரி வந்தார். "ஏனுங்க டைவரு, மஞ்சத்தூளத் தூவி உடுங்க, எந்த நாத்தமுங் கிட்ட வராதுங்க" என்று ஒரு பொட்டலமும் கொடுத்தார். தாராளமாகத் தூவினேன். கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சத்தில் மஞ்சள் தூசி மிதந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சீட்டைத் தட்டித் துடைக்க மறந்துபோனேன்.

அடுத்து ஏறியவர் சலவை வேட்டி கட்டிய வக்கீல். கோர்ட்டு வாசலில் இறங்கித் தம் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று கதவோரம் ஒதுங்கினேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"நலங்கு வெச்சு அனுப்புற வண்டின்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?"

ஏரிக் காற்று

ஓவர்சியர் ஒருவரைப் பனமரத்துப்பட்டிக்கு அழைத்துப் போனேன். அவர் மதகைப் பார்க்கப் போனதும், காற்றாடட்டும் என்று ஏரிக்கரையில் நாலு கதவையும் திறந்து போட்டேன். தண்ணீர்மேல் மேகம் நகர்ந்தது. மேகம் நகர்கிறதா, கரை நகர்கிறதா என்று பார்த்தபடியே ஸ்டீயரிங்கில் கை வைத்துத் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் வண்டி ஏரிமேல் சத்தமில்லாமல் போயிற்று; வாடையே இல்லை. விழித்தால் சாரலில் சீட்டெல்லாம் நனைந்து, வாடை இரட்டிப்பாகியிருந்தது. குடையோடு பக்கத்தில் நின்றிருந்த ஓவர்சியர் சொன்னார்:

"எழுப்ப மனசு வரலப்பா, சிரிச்சுக்கிட்டே தூங்கினே."

ராசிபுரத்து அம்மாள்

ராசிபுரம் ரோட்டில் பஸ் பழுதாகி நின்றது. சேலை மூட்டையோடு நனைந்துகொண்டிருந்த நெசவுக்கார அம்மாள் ஒருவரை ஏற்றிக்கொண்டேன். உட்கார்ந்ததும் அவர் மூக்கு சுருங்கியது. குனிந்து சீட்டு உறையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது எங்க நெய்ஞ்சது சாமி?"

"எங்க வீட்டுத் தறியிலங்க."

"கஞ்சி போட்டீங்களாக்கும்?"

போட்டிருந்தேன். தொளதொளவென்று கிடந்த உறை விறைப்பாக நிற்கட்டும் என்று, தறியில் நீளவாட்டில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுவதுபோல் கெட்டி அரிசிக் கஞ்சியில் முக்கி எடுத்து மாட்டியவன் நான்தான். அதுவும் ஆவணி மழையில். ஈரக் காற்றில் கஞ்சி காயாமல் புளித்துவிடும், அதனால் மழை நாளில் பாவு நீட்டவே மாட்டார்கள் என்பது எங்கள் தெருவில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். கார் சீட்டு என்றதும் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. வெட்கத்தில் சேலம் வரும்வரை பின்பக்கம் திரும்பாமலே ஓட்டினேன். இறங்கும்போது அந்த அம்மாள் சொன்னார்:

"தறிய உட்டுப்போட்டு வந்தீங்க, கஞ்சிய மட்டும் எதுக்குங்க சாமி கூட்டியாந்தீங்க?"

வாங்க வந்தவர்

அன்றே உறையைக் கழற்றி எறிந்தேன். நல்லவேளையாக மூன்று நாள் வெயில் அடித்தது; சீட்டு காய்ந்து வாடை போயே போய்விட்டது. தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. முதலாளி வாசலுக்கு வண்டியை ஓட்டிப் போனபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அங்கே திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாறுகிற கார் மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்தவர். உள்ளே ஏறி மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஏனுங்க, வண்டி நல்லாத்தான இருக்குது!" என்று முதலாளி கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டார். "நாத்தம் போனா வெச்சுக்கறேன்னீங்களே" என்றேன். அழுகை வந்துவிட்டது. முதலாளி என் தோளை அன்பாகத் தட்டினார்:

"நாறுன வண்டிய எவன்பா வாங்குவான்? நீ சரி பண்ணினதாலதான வித்துச்சு, நல்லா இரு!"

இரண்டு மாதமாக என் வேலையைக் காப்பாற்றி வந்தது அந்த வாடைதான் என்பது, சாவியைத் திருச்செங்கோட்டுக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.