கொதித்த டீயும் சும்மா கொடுத்த தண்ணீரும்

பர்லியாரைத் தாண்டி குன்னூருக்கு ஏறும் வழியில் ஓர் அகலமான வளைவு இருக்கிறது. அங்கே பாறையிலிருந்து இறங்கும் ஊற்று, துருப்பிடித்த இரும்புக் குழாய் வழியாக இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருக்கும். பஸ் டிரைவர்கள் ரேடியேட்டருக்கு அதில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். குழாயை ஒட்டியிருந்த தகரக் கூரை டீக்கடை பங்கஜம் அக்காவுடையது. கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவருடைய வீடு.

வண்டி நின்று இறங்கும் வெளியூர்க்காரர்களில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்.

"அக்கா, இந்த மசாலா டீயைக் குடிக்கலாமா? ஊர் மாறினா எங்களுக்கு வயிறு ஒத்துக்காது."

அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். சட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டுவார். இஞ்சியும் ஏலமும் கிராம்பும் பாலோடு சேர்ந்து பொங்கிக்கொண்டிருக்கும்.

"பாருங்க சாமி, எப்படிக் கொதிக்குதுன்னு. இதுல கெட்டது எது உசுரோட கெடக்கும்?"

பிறகு பாய்லர் குழாயைத் திறந்து, கிளாஸைக் கொதிநீரில் அலசிவிட்டுத்தான் டீயை ஊற்றுவார். அதைப் பார்த்ததும் கேட்டவருக்கு நம்பிக்கை வந்துவிடும். வராவிட்டால் டிரைவர் கருப்புசாமி இருந்தார்.

"குடிங்க சார். இருவது வருசமா இதக் குடிச்சுப்போட்டுத்தான் இந்த வளைவெல்லாம் ஒடிக்கிறேன். எனக்கு வயித்தக் கலக்கினா நீங்க எல்லாரும் பள்ளத்துல கெடப்பீங்க."

"வாயக் கழுவு கருப்பு," என்பார் அக்கா. "பிரயாணம் போறவங்ககிட்டப் பேசற பேச்சா இது?"

பங்கஜம் அக்காவுக்குச் சொந்த ஊர் காரமடைப் பக்கம். கல்யாணமான மறுநாள் கணவர் நல்லசாமியோடு மலையேறியபோது, இதே வளைவில் பஸ்ஸின் ஜன்னலிலும் புதுப்பட்டுச் சேலையிலுமாக வாந்தி எடுத்தாராம். சுற்றிலும் எல்லாரும் சிரிக்க, முன்பின் தெரியாத ஒரு பெண் குழாயிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்து வந்து முகத்தைக் கழுவிவிட்டு, மிச்சத்தைக் குடிக்கக் கொடுத்தாளாம். "அந்தத் தண்ணி உள்ள போனப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நல்லசாமி மண்சரிவில் இறந்தபின் அந்த வளைவிலேயே கடை போட்டார். அன்றிலிருந்து, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி யார் வாந்தி எடுத்தாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சொம்போடு ஓடுவார். முகத்தைத் துடைத்துவிடுவார். வாய் கொப்பளிக்கச் சொல்வார். "ரெண்டு மொடக்குக் குடிங்க, வயிறு குளுந்துக்கும்" என்பார். அவர்கள் டீ வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

போன கோடையில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே இறங்கியது. வாந்தி எடுத்துத் துவண்டிருந்த அவர்களுடைய சின்னப் பெண்ணை அக்கா மடியில் வைத்துத் தேற்றினார். பெற்றோர் டீ குடித்தார்கள். குழந்தைக்கும் அரை கிளாஸ் ஆற்றிக் கொடுத்தார்கள். ஊட்டிக்குப் போன மறுநாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. திரும்பும் வழியில் அப்பா கடைக்கு எதிரே நின்று செல்போனில் வீடியோ எடுத்தார். கடை, பாய்லர், ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் எல்லாம் அதில் இருந்தன. "சுற்றுலா வருகிறவர்கள் தயவுசெய்து இங்கே டீ குடிக்காதீர்கள்" என்று அவர் சொன்னது எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வீடுகளான லயம் வரைக்கும் வந்து சேர்ந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டதில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் ஒரு வாரத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். அடுத்த முறை வருவதற்குள் டீயில் கோளாறு இல்லை என்று தெரியாவிட்டால் கடையை நடத்தவிடுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"தனபாக்கியம், உன்ற மக கிருமியப் பத்தித்தான படிச்சிருக்கா? என்ற டீ நல்ல டீன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. படிச்சவ சொன்னா அவங்க கேப்பாங்க."

எங்கள் லயத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நுண்ணுயிரியல். வேலை கிடைக்காமல் குன்னூரில் ஒரு பேக்கரியில் பில் போடுகிறேன். என் வார்த்தையை யார் கேட்பார்கள் என்று அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. நல்ல டீயை நல்ல டீ என்று சொல்வதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் போய் உட்கார்ந்தேன். பால் பொங்கியது. கிளாஸ் ஒவ்வொன்றும் கொதிநீரில் அலசப்பட்டது. டீயில் குறை சொல்ல எதுவுமில்லை. அப்போது ஒரு வேன் வந்து நின்றது. வயதான ஒருவர் இறங்கி ஓரமாகக் குனிந்தார். அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். பெரியவர் கொப்பளித்தார், குடித்தார், அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் எழுந்து குழாயடிக்குப் போனேன்.

"அக்கா, அன்னைக்கு அந்தக் குழந்தைக்கும் இந்தத் தண்ணி குடுத்தீங்களா?"

"அதென்ன கேள்வி? வாந்தி எடுத்துப்போட்டு நிக்குது, குடுக்காம இருப்பனா?"

"அதிகாரிகிட்டச் சொல்லலியே?"

"என்ன வித்தேன்னு கேட்டாரு. டீன்னேன். தண்ணிய நான் விக்கறனா கண்ணு?"

அவர் எதையும் மறைக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது அவருடைய கணக்கில் யாவாரமே இல்லை. அதனால் அது கேள்விக்குள்ளேயே வரவில்லை.

நான் படித்த கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருக்கும் ஒரு பெண்ணிடம் தண்ணீர் சோதிக்கும் சின்ன பாட்டில் ஒன்று வாங்கி வந்தேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி சூடான இடத்தில் வைக்க வேண்டும். கழிவு கலந்திருந்தால் பெரும்பாலும் கறுத்துவிடும். இந்தக் குளிரில் சூடான இடம் பாய்லருக்குப் பக்கத்துப் பலகைதான். அக்காவே அங்கே இடம் ஒதுக்கினார். டீ ஆற்றும்போதெல்லாம் திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டாராம்.

மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கருப்புசாமி என் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"அக்கோவ், டிகாசன எதுக்கு பாட்டில்ல அடைச்சு வெச்சிருக்கே?"

அக்கா சிரிக்கவில்லை. பாட்டில் கன்னங்கரேலென்று இருந்தது.

"நாங்க எல்லாரும் இதத்தான குடிக்கிறோம்?" என்றார் மெதுவாக.

"உங்களுக்கெல்லாம் கொஞ்சம் பழகியிருக்கலாம் அக்கா. நம்ம லயத்துக் கீழ் வரிசைல இதக் குடிக்கிற குழந்தைங்களுக்கு அடிக்கடி வயித்தால போகுதே, அது?"

"அது மழைக்காலக் கோளாறுன்னு நெனச்சோம்."

ஊற்றுக்கு மேலே சரிவில் சில வருடங்களாகச் சுற்றுலா விடுதி ஒன்று இருக்கிறது. அதன் கழிவுக் குழி எங்கே இருக்கிறது என்று கேட்கப் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "ரூம் புக் பண்ணியிருக்கீங்களா?" என்றான். அங்கிருந்துதான் வருகிறது என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு எங்கிருந்தாவது வரலாம். படித்த படிப்பு, தண்ணீர் கெட்டிருக்கிறது என்று காட்டும்வரை என்னைக் கொண்டுவந்தது. அதற்குமேல் ஓரடி நகர்த்தவில்லை.

அடுத்த முறை அதிகாரி வந்தபோது நானும் கடையில் இருந்தேன். அக்காவை முந்திக்கொண்டு டீயைப் பற்றி மட்டும் பேசிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அக்காவே ஆரம்பித்துவிட்டார்.

"சார், டீ மேல தப்பில்லீங்க. தண்ணிங்க. நாந்தான் அந்தப் புள்ளைக்குக் குடுத்தேன், என்ற கையால. அந்தக் கொழாய அடைச்சுப்போடுங்க."

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. நான் காட்டிய பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன படிச்சிருக்கே என்று விசாரித்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணியே சரியில்லைன்னு நீங்களே சொல்றீங்க. வேற தண்ணி வசதி இல்லாம கடைய எப்படிம்மா விடறது?"

"கொதிக்க வெச்சுத்தானுங்க டீ போடறேன்?"

"அது எனக்குப் புரியுது. சட்டத்துக்குப் புரியாதே."

குழாயை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். ஊற்று காட்டுக்குள் பிறக்கிறது, குழாய் ரோட்டோரம் நிற்கிறது, அதை யார் போட்டார்கள் என்று எந்த ஆபீஸிலும் தெரியாது, எழுதிப் போடுகிறேன் என்றார். அன்றே கடையில் சீல் விழுந்தது. குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.

நான் பாட்டிலைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் கடை பிழைத்திருக்குமா? இன்னும் எத்தனை குழந்தைகளுக்கு அந்தச் சொம்பு போயிருக்கும்? இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே வருகின்றன. ஒன்றுக்குப் பதில் சொன்னால் இன்னொன்று முறைக்கிறது.

இப்போது அக்கா பின்னறையில் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, மூடிய குடத்தில் ஊற்றி, பூட்டிய கடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். விற்கத்தான் தடை, கொடுக்கத் தடையில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அதிகாலையில் எஸ்டேட்டில் களை பிடுங்கப் போய்விட்டு மதியம் வருகிறார்.

போன ஞாயிறு நானும் அவரோடு இருந்தேன். குழாய் வாயில் அவர் துணியைச் சுற்றி அடைத்திருந்தார். கருப்புசாமியின் பஸ் புகை கிளம்ப வந்து நின்றது. அவர் இறங்கி, துணியைப் பிடுங்கினார்.

"கோவிச்சுக்காத அக்கா. வண்டி காயுது. வேற எங்க போவேன்?"

"இஞ்சினுக்குப் புடி. புடிச்சுப்போட்டு அடைச்சிரு."

கருப்புசாமி வாளியை எடுத்துக்கொண்டு நகர்வதற்குள் பயணிகள் இறங்கிவிட்டார்கள். ஒரு இளைஞன் குழாயடியில் பாட்டிலை நீட்டினான்.

"செம்ம சில்லுன்னு இருக்குடா. பியூர் ஊத்துத் தண்ணி!"

"குடிக்காதீங்க சாமி!" அக்கா குடத்தோடு எழுந்து ஓடினார். "அது ஆவாது. இந்தாங்க, காச்சின தண்ணி."

பின்னால் நின்ற பெண் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு பூட்டியிருந்த கடையைப் பார்த்தாள்.

"டேய், அந்த வீடியோல வந்த அம்மாடா இவங்க. அவங்க கையால எதையும் வாங்காத."

நான் குறுக்கே போய்ச் சொன்னேன். சோதித்துப் பார்த்தது, பாட்டில் கறுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். "ஓகே, ஓகே" என்று சிரித்தபடியே அவன் அண்ணாந்து குடித்தான். பாட்டில் கைமாறியது. ஹாரன் அடித்ததும் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள்.

பஸ் வளைவில் மறைந்தது. அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, தரையில் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தார். குழாய் வாயில் மறுபடி சுற்றி, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தார். விரல் இடுக்குகளில் தண்ணீர் பீய்ச்சியது.

"கண்ணு, அந்தக் கல்ல எடு," என்றார். "இன்னொரு வண்டி வர்ற சத்தம் கேக்குது."