என் கையில் இருந்த வாசனை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு, சாயங்காலமானால் என் கணவர் தெருமுனையில் வந்து நிற்பார். கம்பெனி வேனிலிருந்து நான் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாணமான புதிதில்கூட அப்படி நின்ற ஆளில்லை அவர்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருவருக்குமே பேஸ்டிங் பிரிவில்தான் வேலை. தோலில் சொல்யூஷன் (ஷூ ஒட்டும் பசை) தடவ வேண்டும். அதை முகர்வதே அவருக்குப் போதையாகிவிட்டது. கை நடுங்கியது, மறதி வந்தது, தொட்டதற்கெல்லாம் கோபம். வேலையை விட்டுவிட்டு வேலூரில் தங்கி வைத்தியம் பார்த்தார். நான் அதே பிரிவில் தொடர்ந்தேன்.

அடுத்த முறை அவரோடு வேலூர் டாக்டரம்மாவிடம் போனபோது, "எனக்காகத் தெருவுலயே காத்துகினு நிக்கிறாரு மேடம்" என்றேன், வெட்கத்தோடு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கை கழுவிட்டுத்தானே வீட்டுக்குப் போறீங்க?"

"எங்க மேடம், வேனைப் புடிக்கவே நேரம் சரியா இருக்கும்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

போதையை விட்டாலும் தூண்டுகுறிகள் (அதை நினைவுபடுத்தும் வாசனை, இடம், பொருள்) கவனத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அவர் வேண்டுமென்று செய்வதில்லை என்றார் டாக்டரம்மா. அப்போது எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஊர் திரும்பும் பஸ் மாதனூர் தாண்டியதும் அவரிடம் கேட்டே விட்டேன்.

"இத்தினி நாளா யாருக்கு நின்னீங்க? எனக்கா, சொல்யூஷனுக்கா?"

"தெர்ல தேவி. சத்தியமா தெர்ல. நீ வந்தா நல்லா இருக்கும், அவ்ளோதான் தெரியும்."

சூப்பர்வைசரிடம் கெஞ்சி பேக்கிங் பிரிவுக்கு மாறினேன். கொஞ்ச நாள் தெருமுனைக்கு வந்தார். பிறகு வாசல்வரை. பிறகு அதுவுமில்லை. "வந்துட்டியா" என்பார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். டாக்டரம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவர் பிழைத்துக்கொண்டாரே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், உங்கள் மேல் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. அன்பு என்று நினைத்து மாதக்கணக்காக அவருடைய நோய்க்குத் தீனி போட்டிருக்கிறேன்.

போன வாரம் பேஸ்டிங்கில் ஆள் கம்மி என்று ஒரு நாள் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். வேலை முடிந்து, மாற்றுப் புடவையும் சோப்புமாகக் குழாயடிக்குப் போனேன். இப்படியே போனால் இன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று தோன்றியது. குழாயைத் திறக்காமல் நின்றேன்.

நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன். அதற்குள் வேன் போய்விட்டிருந்தது.