கோழிக்கு இன்னொரு கோட்

எந்தக் கார் ஷெட்டுக்குள் வந்தாலும் பெயிண்டர் முதலில் அதன் பெட்ரோல் மூடியைத்தான் திறப்பார். வெளிப்பக்கமெல்லாம் வெயிலும் மழையும் தின்று வெளிறிப்போயிருக்கும். மூடிக்கு உள்ளே, உள்ளங்கை அகலத்தில், வண்டி புதிதாக வந்தபோது இருந்த நிறம் அப்படியே ஒளிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் கலவை போடுவார். மனிதர்களிடமும் அப்படி ஒரு மூடி எங்கேயாவது இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. தன் மாமனாருக்கு அது எங்கே இருக்கிறது என்பதுதான் இத்தனை வருடங்களாகப் பிடிபடவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ‘இன்னொரு கோட்’ என்று பட்டப்பெயர். வேலை முடிந்ததா என்று வண்டிக்காரர் வந்து நின்றால், கைவிளக்கைக் கதவின் பக்கவாட்டில் பிடித்து, கழுத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “இன்னொரு கோட் அடிச்சா நல்லாயிருக்கும்” என்பார். அந்தப் பெயர் வந்த கதையும் மாமனார் அவரோடு பேசாமல் போன கதையும் ஒன்றுதான்.

மாமனார் ரொட்டி வேன் ஓட்டியவர். ஒரு தடவை அந்த வேனைப் பெயிண்டுக்கு விட்டார். ஒரு வாரத்து வேலை. சாயங்காலமானால், “வண்டி ஆயிடுச்சான்னு கேட்டுட்டு வாம்மா” என்று மகளை அனுப்புவார். அவள் வந்து கேட்டாள். பெயிண்டர் அவளைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், இன்னொரு கோட் பாக்கியிருக்கிறது என்றார். மறுநாளும் வந்தாள். மறுநாளும் பாக்கியிருந்தது. இப்படியே ஒரு மாதம் ஓடியது. அதுவரை பெரியவர் யாருடைய மூன்று சக்கர சைக்கிளிலோ ரொட்டியை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக மூச்சு வாங்கினார். கடைசியில் வேன் வீட்டுக்கு வந்தபோது அதன் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல இருந்தது. கொஞ்ச நாளில் மகள் பெயிண்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

“வண்டியைப் பெயிண்டுக்கு விட்டேன், பொண்ணு போயிடுச்சு” என்று பெரியவர் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். மருமகனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டக்கூட இல்லை. அதுதான் பெயிண்டருக்கு வருத்தம்.

போன வருடம் முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் பெரியவர் மகள் வீட்டோடு வந்துவிட்டார். பேச்சு மட்டும் கூடவே வரவில்லை. மகளுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எங்கிருந்து எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருபவளுக்கு, அங்கேயும் அதே வேலைதான் காத்திருக்கும்.

“உன் வீட்டுக்காரரை ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா” என்பார் அப்பா.

“ஃபேனைக் குறைக்கணுமாம்.”

“மாமாவுக்குக் குளிருதான்னு கேளு.”

“குளிருதாப்பா?”

“குளிருதுன்னா சொன்னேன்? குறைக்கத்தானே சொன்னேன்?”

“குளிரலையாம். ஆனா குறைக்கணுமாம்.”

மூன்று பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே சாப்பாட்டு மேசையில். கை நீட்டினால் ஒருவர் காதை ஒருவர் திருகலாம். ஆனாலும் வீட்டுச் சட்டம் அப்படி. பெரியவர் சொன்னது பெயிண்டர் காதில் தெளிவாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் அவள் திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும். அவள் வாயைத் திறக்காதவரை அவர் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெயிண்டர் மன்னிப்பையெல்லாம் எதிர்பார்க்கவில்லை. ‘மாப்பிள்ளை’ என்ற சொல்கூட அவர் கணக்கில் ஆடம்பரம்தான். தன் முகத்தைப் பார்த்து நேராக ஒரே ஒரு வார்த்தை. அது போதும்.

இந்த நேரத்தில்தான் பழக்காரர் ஒரு பெட்டி பிளம்ஸ் பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய தள்ளுவண்டிக்குப் பெயிண்டர் மிச்சமிருந்த சிவப்பை அடித்துக் கொடுத்திருந்தார், அந்தச் சந்தோஷம். நன்றாகப் பழுத்து, இரண்டு நாள் தாங்காத பழங்கள். மனைவி ஃபோனில் எப்போதோ காட்டிய வீடியோ அவருக்கு ஞாபகம் வந்தது. கரி அடுப்பில் கோழிக்கால்களைச் சுட்டு, பழத்தைக் காய்ச்சிய குழம்பைப் பிரஷ்ஷால் தடவுகிறார்கள். எடுத்து வைத்தால் ஒவ்வொரு காலும் புதுக்கார் மாதிரி மின்னுகிறது. அன்றைக்கே அவர், “இது சமையல் இல்லடி, ஃபினிஷிங்” என்று சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ரொட்டி வேன் ஓட்டிய காலத்தில் பிளம்ஸ் ஜாம் தடவிய ரொட்டி இல்லாமல் மாமனாருக்குப் பொழுது விடியாதாம். மனைவி சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தார். பழைய டிரம் ஒன்றை நீளவாக்கில் வெட்டிக் கால் வைத்துத் தரும்படி ஒர்க்‌ஷாப் வெல்டரிடம் கேட்டார்.

“எதுக்குண்ணே?”

“கோழி சுட.”

“இவ்வளவு பெரிசா? கோழியைச் சுடப் போறீங்களா, மாமனாரையா?”

“சிரிக்காம வெட்டுடா. அவருக்காகத்தான்.”

“தின்னுட்டாவது பேசுவாரா?”

“பேசுவாரு” என்றார் பெயிண்டர். சொன்ன பிறகுதான் அவருக்கே பயம் வந்தது.

சனிக்கிழமை பேருந்து நிலையத்தில் மைக் பழுதாகிவிட்டது. அவருடைய மனைவி நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தி வண்டிகளை அனுப்பிவைத்தாள். ஞாயிறு காலை எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டி இரண்டு கைகளையும் விரித்தாள்.

வீட்டில் மின்சாரம் போனது போல் ஆயிற்று. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். சர்க்கரை பெரியவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதைக் கேட்க ஆளில்லாமல் அப்படியே குடித்துவிட்டு எழுந்தார்.

பெயிண்டர் பழங்களைப் பிளந்து கொட்டை நீக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்தார். தோல் சுருண்டு பிரிந்து, சட்டி முழுக்கக் கருஞ்சிவப்பாகக் கொதித்தது. மசித்து வடிகட்டி, சர்க்கரையும் வினிகரும் நசுக்கிய பூண்டும் இஞ்சியும் மிளகாய்த் தூளும் உப்பும் சேர்த்து மறுபடி அடுப்பில் வைத்தார். பெயிண்டின் பதம் பார்ப்பது போலவே கரண்டியைத் தூக்கி, அது எப்படி வழிகிறது என்று பார்த்தார். வேகமாக வழிந்தால் இன்னும் ஆக வேண்டும். கரண்டியின் முதுகில் தோலாக ஒட்டி நின்றதும் இறக்கினார். நக்கிப் பார்த்தால் முதலில் இனிப்பு, அப்புறம் தாடையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிற புளிப்பு, கடைசியில் காரம். நிறம்தான் இன்னும் பிரமாதம். அப்படி ஒரு சிவப்பை அவர் எந்த டப்பாவிலும் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் இருந்த சிமெண்ட் தரையில் டிரம்மை வைத்துக் கரியைப் பற்றவைத்தார். பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். அவர் காலடியில் பூனை. மகள் துணி மடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

பெயிண்டர் தொழில்முறைப்படியே போனார். தணல் அதிகமானால் பூச்சு கொப்புளம் விடும் என்று கரியை ஓரமாக ஒதுக்கி, இளஞ்சூட்டில் கம்பி வலையைப் போட்டார். பச்சைக் கோழிக்கால்களை வரிசையாக அடுக்கினார். புதுப் பிரஷ்ஷை எடுத்து, ஒரே திசையில், மெல்லிசாக முதல் கோட் போட்டார். காயவிட்டார். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. இரண்டாவது கோட்.

பெரியவர் நாற்காலியில் அசைந்தார். “ஏம்மா, மேல தடவறது கடைசியில செய்யற வேலை. முதல்ல உள்ள வேகணும். சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட.”

மகள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“எழுதியாவது காட்டேன். ஃபோன் இருக்குல்ல?”

அவள் மடியிலிருந்த ஃபோனை எடுத்துப் பார்த்தாள். பிறகு மடித்த துணிகளுக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

பெரியவர் பூனையிடம் திரும்பினார். “பாத்தியா, பச்சைக் கறிக்குப் பாலிஷ் போடறாங்க. உனக்குப் பரவாயில்ல, நீ எப்படியும் தின்னுடுவே.”

பெயிண்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. ஆனால் மனைவி திருப்பிச் சொல்லவில்லை. சொல்லாததை எப்படிக் கேட்பது? சட்டம் மாமனார் போட்டதுதானே. பிரஷ்ஷை நனைத்து மூன்றாவது கோட் அடித்தார், கொஞ்சம் அழுத்தமாகவே.

நான்காவது கோட் காய்ந்தபோது கோழிக்கால்கள் நகைக்கடைப் பொருள் மாதிரி இருந்தன. மதிய வெளிச்சம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஜன்னலாக நின்றது. அவற்றைத் தட்டில் அடுக்கி மாமனாருக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தார். பெரியவர் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

சரி, சாப்பிட்டுக் காட்டினால்தான் நம்பிக்கை வரும் என்று நினைத்தார் பெயிண்டர். ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

“யோவ், கீழ வை.”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பூனை தொட்டிமேல் தாவியது. முழங்கால் வலியையெல்லாம் மறந்து எழுந்துவந்த பெரியவர் மருமகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உள்ள பச்சையா இருக்கு, தெரியல? வயித்துக்கு என்ன ஆகும்? இவளுக்குத்தான் குரல் போச்சு. நீயும் போய்ப் படுத்துக்கிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்டதான் பேசறது?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் யாரிடம் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது. பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்தபடியே நின்றார்.

“சரி மாமா” என்றார் பெயிண்டர்.

இத்தனை வருடம் அவர் மனதுக்குள் எத்தனையோ வார்த்தைகளை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அவற்றில் ‘யோவ்’ இல்லை. ஆனாலும் அது நேராக வந்து விழுந்த வார்த்தை.

பெரியவர் அந்தக் கோழிக்காலை வாங்கிப் பிய்த்துக் காட்டினார். தோலுக்குக் கீழே எல்லாம் இளஞ்சிவப்பு. எலும்போரம் இன்னும் ரத்தம்கூடக் கசிந்தது. பெயிண்டருக்கு வெட்கமாகிவிட்டது. எந்த வண்டியானாலும் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பவர், காலையிலிருந்து கோழியின் வெளிப்பக்கத்தையே சுற்றிச்சுற்றி வந்திருக்கிறார்.

“மேல சிவந்து உள்ள மாவா இருக்கிற ரொட்டியை நான் வேன்ல ஏத்தினதே இல்ல” என்றார் பெரியவர். “சுரண்டு எல்லாத்தையும். கரியை நடுவுல தள்ளு.”

ஆளுக்கொரு கரண்டியோடு உட்கார்ந்து பூச்சைச் சுரண்டினார்கள்.

“பெயிண்டைச் சுரண்டற மாதிரி வலிக்குது மாமா.”

“வலிக்கட்டும். மூணு சக்கர சைக்கிளை ஒரு மாசம் மிதிச்சப்போ எனக்கும்தான் வலிச்சது.”

படியில் உட்கார்ந்திருந்தவளின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின.

பெயிண்டர் கரண்டியில் ஒட்டியிருந்ததை வழித்துப் போட்டார். “அந்த வேன் பெயிண்ட் எப்பவாவது உரிஞ்சுதா மாமா?”

பெரியவர் கையிலிருந்த துண்டை முடித்து அடுத்ததை எடுத்தார். “விக்கிற வரைக்கும் ஒரு இடத்துலயும் உரியல.” பிறகு, “எப்படி உரியும்? அதுல அத்தனை பொய்யை அடிச்சிருக்கீங்களே” என்றார்.

‘யோவ்’ எந்த இடத்தில் ‘நீங்க’ ஆயிற்று என்று பெயிண்டர் கவனிக்கவில்லை. பிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

பழைய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து மூடி, கோழியை நிதானமாக வேகவிட்டார்கள். கொழுப்பு சொட்டித் தணல் சீறியது. மாமனார் அவ்வப்போது சட்டியைத் தூக்கச் சொன்னார், மருமகன் தூக்கினார். குத்திப் பார்த்ததில் தெளிந்த நீர் வந்து, சதை எலும்பைவிட்டு விலகத் தொடங்கிய பிறகுதான் பிரஷ்ஷைத் தொட அனுமதி கிடைத்தது. இப்போது ஒரு கோட் போட்டதுமே சர்க்கரை குமிழ்விட்டு ஒட்டியது. புளிப்பும் புகையும் கலந்த வாசனை அடுத்த வீட்டு ஜன்னலைத் திறக்க வைத்தது. திருப்பிப் போட்டு இரண்டாவது கோட். ஓரங்களில் மட்டும் லேசாகக் கருகி, நடுவில் அந்தச் சிவப்பு பழையபடி பளபளத்தது.

மனைவி வெந்நீர் டம்ளரோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள், வழக்கமாக நிற்கும் இடத்தில்.

பெரியவர் குனிந்து, கழுத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கம்பி வலையைப் பக்கவாட்டில் பார்த்தார்.

“இன்னொரு கோட் போடலாம்” என்றார்.

வெந்நீர் கொஞ்சம் வேலை செய்திருக்க வேண்டும். பழக்கதோஷத்தில், கதவு கிறீச்சிடுவது போல் ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது. “இன்னொரு கோட் போடணுமாம்.”

பெயிண்டர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் நனைத்து, விளிம்பில் வழித்தார்.

“கேட்டுச்சு” என்றார்.