கருப்பட்டிச் சுண்ணாம்பு

புருசன் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு நாகவல்லி பார்க்காத கூலி வேலை கிடையாது. சித்தாள், களையெடுப்பு, புதுவயல் மில்லில் நெல் காயப்போடுவது என்று அலைந்தவளுக்குக் காரைக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் வேலை கிடைத்தது. நிழலில் நின்று சம்பாதிப்பதே பெரிய பாக்கியம். ஆனால் அதுவும் தினக்கூலிதான், எந்தக் காலையிலும் நின்றுபோகலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த மாதிரி, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வேலை போய்விட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

அங்கே பேராசிரியர் குழந்தைவேலு வைக்கோலைச் சர்க்கரையாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். எழுபத்து நாலாம் வருசம். மழையும் இல்லை, பெட்ரோலும் யானை விலை. வைக்கோலுக்குள்ளே சர்க்கரை பூட்டிக் கிடக்கிறது, பிரித்தெடுத்தால் மாட்டுத் தீவனமும் ஆகும், எரிபொருளும் ஆகும் என்பார். ஒரு மேசையில் நறுக்கிய வைக்கோல் அமிலத்தில் வேகும். இன்னொரு மேசையில் ஈர வைக்கோல்மேல் பூஞ்சணம் வளரும். பூஞ்சணம் நன்றாக வளர்ந்ததே தவிரச் சர்க்கரை வந்தபாடில்லை. அமிலத்தில் வெந்த சாற்றில் சுண்ணாம்பைப் போட்டு அமிலத்தை முறித்து, நீல மருந்தோடு கொதிக்க வைத்துப் பார்ப்பார். சர்க்கரை நிறைய இருந்தால் செங்கல் நிறம் வர வேண்டும். வந்ததெல்லாம் வெளிறின பச்சை.

ஒருநாள் சுண்ணாம்பு தீர்ந்துபோனது. அவர் சலித்துக்கொண்டதைக் கேட்டு, நாகவல்லி வீட்டிலிருந்து ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். அவள் அப்பா வீரையா அமராவதிபுதூரில் பேர்போன கொத்தனார். மகளோடு அவள் ஒண்டியிருந்ததும் அவர் வீட்டில்தான். அவர் பதப்படுத்திய சுண்ணாம்பைவிட உசத்தி எங்கே கிடைக்கும்?

அன்று சோதனைக் குழாயில் செங்கல் நிறம் திப்பித் திப்பியாகப் படிந்தது.

"உன் கைராசிதான் நாகவல்லி" என்றார் பேராசிரியர். மெட்ராசிலிருந்து ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. "அவங்க முன்னாடியும் இப்படியே வந்துட்டா உன்னை நிரந்தரமாக்கச் சொல்றேன். எதையும் மாத்தக் கூடாது. அதே சுண்ணாம்பையே கொண்டா."

சாயங்காலம் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் வீரையா சுண்ணாம்புப் பானையில் கடுக்காய்த் தண்ணீரை ஊற்றி, கருப்பட்டியைத் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். மேல்பூச்சு இறுகிப் பளபளக்க அந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் செய்கிற வேலை. பிறந்ததிலிருந்து பார்த்தவள்தான். பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டதால், இத்தனை நாளும் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. வைக்கோல் எங்கே இனித்தது? இனித்தது கருப்பட்டி.

"என்னத்தா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

சொன்னாள். வீரையா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காலையில மொத வேலையா அவுககிட்ட சொல்லிரு."

"வேல போச்சுன்னா பிள்ளைய எப்பிடிப்பா படிக்க வப்பேன்?"

"மறைச்சு வச்சுக்கிட்டு ஆயுசுக்கும் நடுங்குவியா?"

சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். காலையில் ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிட்டது.

"ஐயா, அதே சுண்ணாம்ப கொண்டாரச் சொன்னீகளே, அதுல கருப்பட்டி கெடக்குய்யா. தெரியாமக் குடுத்துட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். செங்கல் நிறம் படிந்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க அப்பாவுக்குத்தான்யா."

"சரி, நான் பாத்துக்கிறேன். நீ போய் வேலையைப் பாரு."

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் அவள் வீடு திரும்பியபோது வீரையா வாயெல்லாம் பல்லாக இருந்தார். "உங்க ஐயா வந்திருந்தாக. சத்தம் போடுவாகன்னு நெனச்சேன். வீட்டுச் சுவத்துல விரிசலாம், நல்ல சுண்ணாம்பாக் குடுங்கன்னு ஒரு பானை வாங்கிட்டுப் போனாக. தங்கமான மனுசன்."

பேராசிரியர் குடியிருந்தது கல்லூரி கட்டிக்கொடுத்த சிமெண்டு வீடு. அதில் கருப்பட்டிச் சுண்ணாம்புக்கு என்ன வேலை?

மறுநாள் அதிகாரிகள் சுற்றி நிற்க, பேராசிரியர் சாற்றில் சுண்ணாம்பைக் கலக்கினார். கழுவும் தொட்டியடியில் குடுவையைப் பிடித்தபடி நின்றாள் நாகவல்லி. வாயைத் திறந்தால் போதும். திறக்க வரவில்லை. நீலம் சிவந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். "எல்லாம் இந்தப் பொண்ணோட கைராசி" என்று பேராசிரியர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. வீரையா ஐயனாருக்குத் தேங்காய் உடைத்தார். "உண்மையச் சொன்னா. அதுக்குத்தான் இந்த வேலையக் குடுத்திருக்காக" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்த உண்மை வேறு யார் காதுக்கும் போகாமல் இருக்கத்தான் உத்தரவு வந்தது என்பது நாகவல்லிக்குத் தெரியும். அப்பா சொன்னது சரிதான்.