சட்டைக்குள் கடிவாளம்

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலையைச் சொன்னால் நம் ஊர் எருமப்பட்டிக்காரர்கள் சிரிப்பீர்கள். குதிரையின் கடிவாள இரும்பைச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காப்பி குடிக்கிறேன். கனடாவின் இந்தச் சமவெளியில் குளிர்காலத்து இரும்பு நெருப்பைவிடப் பொல்லாதது. ஈர நாக்கில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். வாய் புண்ணான குதிரை தின்னாது. தின்னாத குதிரை குளிர் தாங்காது. அடுப்பருகே வைத்தால் போதாதா என்பீர்கள். லாயத்துக்குக் கொண்டுபோவதற்குள் மறுபடி விறைத்துவிடுகிறதே!

பங்குச் சாமியார் எழுதிப்போட்டு, நானும் என் மனைவி ரோசம்மாளும் மார்த்தா என்கிற விதவையின் பண்ணைக்கு வேலைக்கு வந்தோம். டிராக்டர் கிளம்ப மறுக்கும் நாட்களில் டாலி, பிரின்ஸ் என்ற இரண்டு பெரிய குதிரைகள்தான் சறுக்குவண்டியில் தீவனம் இழுத்துப்போய் மாடுகளுக்குச் சேர்க்கவேண்டும். போன குளிர்காலத்தில் ஒரு குதிரை சளிக்காய்ச்சலில் செத்துவிட்டதாம். இன்னொன்றும் போனால் மாடுகளை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விடுவேன் என்று மார்த்தா சொல்லிவிட்டார். அப்புறம் எங்களுக்கு வேலையும் இல்லை, கூரையும் இல்லை. குதிரைகளை வசந்தம்வரை கொண்டுசேர்த்தே தீருவது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

1950களில் பரமத்தி வேலூரில் கரும்பு வண்டி ஓட்டியபோது, மாடுகளை வாய்க்காலில் இறக்கிக் குளிப்பாட்டிவிட்டுத்தான் நாங்கள் சோற்றில் கைவைப்போம். உழைத்த உயிருக்கு அது மரியாதை. அதே மரியாதையை டாலிக்கும் செய்யப் போனேன். வேர்த்து வந்தவள்மேல் ஊற்ற வெந்நீர் வாளியைத் தூக்கினேன். மார்த்தா கத்திக்கொண்டு ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். விறகு வீணாகிறதென்று கத்துகிறார் என நினைத்து, “நாளைக்கு நானே விறகு வெட்டுகிறேன்” என்றேன் என் அரைகுறை இங்கிலீஷில். அவர் வாசலில் சிந்திய தண்ணீரைக் காட்டினார். அது அதற்குள் கண்ணாடியாக இறுகியிருந்தது. டாலியின் முதுகிலும் அப்படித்தான் இறுகியிருக்கும்.

போன வாரம் காற்று கதவை உடைப்பதுபோல் அடித்தது.

“ஏனுங்க, இன்னைக்குப் போயே ஆவோணுங்களா?” என்றாள் ரோசம்மாள்.

“மாடெல்லாம் பட்டினி கெடக்குது புள்ள. போயிட்டு வாரேன்.”

“அப்ப இந்தச் சாக்கையும் எடுத்துக்குங்க. உங்களுக்கில்லீங்க, குதிரைக்கு.”

மார்த்தாவும் கூட வந்தார். தீவனம் போட்டுத் திரும்புகையில் காற்று இன்னும் வலுத்தது. “விரட்டு, விரட்டு!” என்றார். நான் விரட்டவில்லை. ஓடினால் வேர்க்கும், வேர்த்தால் அந்த வேர்வையே உறைந்து குதிரையைக் கொல்லும். எனக்கு அதைக் காட்டியவரே பயத்தில் அதை மறந்துவிட்டார். ஏற்றம் வந்ததும் நான் இறங்கிக் குதிரைகளோடு நடந்தேன். வண்டிக்காரன் ஏற்றத்தில் உட்கார்ந்துகொண்டு வருவது எங்கள் பக்கம் வெட்கக்கேடு. மார்த்தாவோ நான் பயந்து இறங்கியதாக நினைத்து, “உட்காரு, விழமாட்டாய்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏறாமல் நடந்தேன்.

நடந்ததால்தான் பிரின்ஸ் காலைத் தாங்கித் தாங்கி நடப்பது கண்ணில் பட்டது. குளம்புக்கடியில் பனி உருண்டையாகக் கட்டியிருந்தது. எதிரே உறைந்த ஓடைக்கு இறங்கும் சரிவு. அப்படியே இறங்கியிருந்தால் கால் வழுக்கி முறிந்திருக்கும். வண்டியை நிறுத்தி, நான்கு காலிலும் குளம்பு சுரண்டும் கொக்கியால் பெயர்த்தெடுத்தேன். பிறகு டாலிக்கும் பார்த்தேன். நிமிர்ந்தபோது மார்த்தா வண்டியிலிருந்து இறங்கி டாலியின் பக்கம் நின்றிருந்தார். வீடுவரை இருவரும் நடந்தே வந்தோம்.

லாயத்தில் பிரின்ஸ்மேல் சாக்கைப் போர்த்திவிட்டு, டாலியின் முதுகை வைக்கோலால் தேய்த்துக் காயவைத்தேன். அவள் குடிக்க மார்த்தா வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஆவி முகத்தில் அடித்ததும் என் கை தானாக வாளிக்குள் போய், ஒரு கை நீரை அள்ளிக்கொண்டு அவள் முதுகுக்கு உயர்ந்தது. பாதியில் நிறுத்தினேன். நீரைக் கீழே விட்டு, ஈரத்தை என் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, மறுபடி வைக்கோலை எடுத்தேன்.