வாசக்கால் வைத்த கொட்டாய்

புதுவாயல் பக்கம் கொட்டாய் என்ற சொல்லுக்குப் பல பொருள். மாடு கட்டுகிற இடம் கொட்டாய். அந்தக் காலத்தில் சினிமா ஓட்டியதும் கொட்டாய். கல்யாணத்துக்கு வாசலில் போடுகிற பந்தலும் கொட்டாய்தான். ஆனால் இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய இடத்தைக் கொட்டாய் என்று எழுதினால், கெங்கம்மாளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்க வந்திருந்தார் குப்புராஜ். இடிபடுவது வீடு என்றால் மாற்று வீடு உண்டு. கொட்டாய் என்றால் ஒன்றும் கிடையாது. கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் கெங்கம்மாளுக்குப் போக்கிடம் வேறில்லை.

தகரக் கூரை, கம்பெனிக்கு மிஷின் வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து அடித்த பலகைச் சுவர். பார்க்க லட்சணமில்லைதான், யார் மறுத்தது? ஆனால் செத்துப்போன அவள் புருஷன் கலியன், சுவர் எழும்புவதற்கு முன்பே வேப்பமரத்தில் வாசக்கால் செய்து, நவதானியம் முடிந்து கட்டி, பூசை போட்டு நிறுத்தினான். புயலில் கூரை இரண்டு முறை பறந்தது. வாசக்கால் அசையவில்லை. வெள்ளி தவறாமல் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள்.

குப்புராஜ் உள்ளே போய் டேப் பிடித்து அளந்தார். அங்கேயே நின்று பாரத்தில் எழுதினார். கெங்கம்மாள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“இன்னா சார், கொட்டாய்னு எழுதிக்கினு கீற?”

“தகரம், பலகைன்னா அப்படித்தாம்மா எழுதணும். கையெழுத்துப் போடு, பேஜாரு பண்ணாத.”

“போட மாட்டேன். மூணு புள்ளைங்கள இங்கதான் வளத்தேன்.”

“அதெல்லாம் எழுத இதுல எடமில்லம்மா.”

அவள் போய் வாசலை மறித்து நின்றாள். “சரி, உன் ஷூ எங்க சார்?”

குப்புராஜ் குனிந்து பார்த்தார். காலில் சாக்ஸ் மட்டும் இருந்தது. ஷூ இரண்டும் வாசக்காலுக்கு வெளியே கிடந்தன. கழற்றும்படி யாரும் சொல்லவில்லை.

“மாட்டுக் கொட்டாயில நொழையறதுக்கு ஷூவ கழட்டுவியா? படியக்கூட மிதிக்காம தாண்டி வந்தியே. உன் காலுக்குத் தெரிஞ்சது பேனாவுக்குத் தெரியலையா?”

வெளியே கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். குப்புராஜ் எழுதியதை அடித்துவிட்டு, மேலே வீடு என்று எழுதினார்.

கெங்கம்மாள் உடனே நம்பிவிடவில்லை. பாரத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேனாவையும் வாங்கித் தன் பெயரை முழுசாக எழுதினாள். பிறகுதான் அவருக்கு வழிவிட்டாள்.